பழைய பிக்கப்புக்குப் புதிய சைலன்சர்: கம்பெனிக் குழாயா, பட்டறைக் குழாயா?

நாகலூர்க் களம்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பி.எஸ். 3 (பழைய புகை மாசு வரம்பு) காலத்து மஹிந்திரா பிக்கப், 2523 சிசி டர்போ டீசல். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சிறிய தோட்டம், காப்பியும் மிளகும். பறித்த பழத்தைத் தோல் உரிக்கும் பல்பருக்கு எடுத்துப் போவதும், களத்தில் காய்ந்த பார்ச்மெண்ட்டை (உமியோடு இருக்கும் காப்பிக் கொட்டை) மூட்டை கட்டிச் சேலத்துக்கு இறக்குவதும் இந்த வண்டிதான்.

கம்பெனியிலிருந்து வந்த புகைக்குழாய் இத்தனை ஆண்டு உழைத்துவிட்டது. இப்போது சைலன்சரின் அடித் தையல் துருப்பிடித்து விரல் நுழையும் அளவு ஓட்டை. அதற்கு முன்னால் இருக்கும் பெல்லோசும் (மடிப்பு மடிப்பான வளையும் குழாய்) கிழிந்திருக்கிறது. குழாயைத் தாங்கும் கடைசி ஹேங்கர் ஒடிந்து கட்டுக்கம்பியில் தொங்குகிறது. லோடோடு மேலே ஏறும்போது கண்ணாடியை மூடினால் கேபினுக்குள் புகை வாடை வருகிறது.

மூன்று யோசனைகள் சொல்கிறார்கள். ஒன்று, கம்பெனி உதிரிபாகமே வாங்கி மாட்டுவது. இரண்டு, சேலத்தில் ஒரு பட்டறையில் அதே அளவில் செய்து மாட்டுவது. மூன்று, சைலன்சரையே எடுத்துவிட்டு இரண்டரை அங்குல நேர்க்குழாய் போடுவது. அப்படிச் செய்தால் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரிலேயே ஏறும் என்கிறார்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டும் நாளும் நெருங்குகிறது. அறுவடை தொடங்குவதற்குள் முடித்துவிட விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மின்னாம்பள்ளி:

அண்ணா, நேர்க்குழாய்க்கே போங்கள். சைலன்சருக்குள் தடுப்புத் தகடும் துளையிட்ட குழாயும்தான் இருக்கின்றன. புகை அதற்குள் முட்டி மோதித் திரும்பி வெளியே வருகிறது. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் மூச்சு விடும். புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குக் காற்று ஊட்டும் டர்போவும் சீக்கிரம் சுற்றும். என் நண்பர் ஒருவருடைய பிக்கப்பில் செய்திருக்கிறோம். ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் வண்டி முன்னே பாய்வது நன்றாகவே தெரிகிறது.


கொண்டலாம்பட்டிப் பட்டறை:

எந்தக் குழாய் என்பதைப் பிறகு பேசலாம். முதலில் பெல்லோஸ் ஏன் கிழிந்தது என்று பாருங்கள், ஐயா.

எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போதும், கிளட்சை விடும்போதும், ஏற்றத்தில் முக்கும்போதும் அது பக்கவாட்டில் புரளும். சைலன்சரோ வண்டியின் சேசிஸ் சட்டத்தில் தொங்குகிறது. புரளும் எஞ்சினுக்கும் தொங்கும் குழாய்க்கும் நடுவில் நின்று அந்த அசைவை வாங்கிக்கொள்வதுதான் பெல்லோசின் வேலை. மவுண்ட் ரப்பர் அமுங்கிவிட்டால் அசைவு பல மடங்காகும். ஹேங்கர் ஒடிந்தால் குழாயின் எடை முழுவதும் பெல்லோஸ் மேல் விழும். உங்கள் வண்டியில் இரண்டாவது கண்ணுக்கே தெரிகிறது. முதலாவதையும் பார்த்துவிடுங்கள்: பானெட்டைத் திறந்து வைத்து ஒருவரை ஸ்டார்ட் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். நிற்கும்போது எஞ்சின் பலமாக ஆடி அடங்கினால் மவுண்ட் போய்விட்டது. அதை மாற்றாமல் எவ்வளவு விலை உயர்ந்த பெல்லோஸ் போட்டாலும் விரைவில் அதே இடத்தில் கிழியும். எங்களிடம் பெல்லோசுக்காகத் திரும்பத் திரும்ப வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் குறை மவுண்டில்தான் இருக்கும்.

அடுத்தது கேபின் வாடை. சைலன்சர் ஓட்டை பின்னால், லோடு ஏற்றும் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து வரும் புகை ஓடும் வண்டியில் கேபினுக்குள் வருவது குறைவு. வாடை கேபினுக்கு வருகிறதென்றால் பெல்லோஸ், டர்போ அடியில் குழாயை இணைக்கும் ஃபிளாஞ்ச், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் ஆகிய மூன்றில் ஒன்று கசிகிறது. எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் ஸ்டார்ட் செய்து, பின்குழாயின் வாயைத் தடித்த ஈரத்துணியால் சிறிது நேரம் பாதி அடைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கசியும் இடத்தில் புஸ் என்ற சத்தம் கேட்கும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும். கசிவு பழையதாக இருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை. இணைப்பைச் சுற்றிக் கரி படிந்த கோடு காட்டிக்கொடுத்துவிடும். கசிவு எங்கே என்று தெரியாமல் சைலன்சரை மட்டும் மாற்றினால் வாடை அப்படியேதான் இருக்கும்.


ஐந்து ரோடு:

மின்னாம்பள்ளித் தம்பி சொன்னதில் ஒரு பாதி சரி. டர்போவுக்குப் பின்னால் எதிரழுத்தம், அதாவது வெளியேறும் புகைக்குக் குழாய் கொடுக்கும் தடை, குறையக் குறைய டர்போவுக்கு நல்லதுதான். எதிரழுத்தம் இருந்தால்தான் இழுவை இருக்கும் என்று சிலர் சொல்வது டர்போ டீசலுக்குச் சற்றும் பொருந்தாது. ஆனால் அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டியில் இழுவையைத் தடுத்துக்கொண்டிருப்பது சைலன்சர்தானா?

கணக்கைப் பார்ப்போம். 2.5 லிட்டர் எஞ்சின் நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை முழுக் கொள்ளளவையும் இழுக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் அது சுமார் 3750 லிட்டர் காற்று. டர்போ ஊட்டும்போது இன்னும் கூடுதல். வெளியே வரும்போது சூட்டினால் அது இரண்டு மடங்குக்கும் மேலாக விரிந்திருக்கும். இவ்வளவும் போகக் குழாய் வேண்டும், உண்மை. இரண்டு அங்குலத்திலிருந்து இரண்டரை அங்குலத்துக்குப் போனால் வாயின் பரப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கூடும். தடை அதைவிட அதிகமாகக் குறையும், ஏனென்றால் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஆனால் கம்பெனிக் குழாய் இந்த எஞ்சினின் அளவைப் பார்த்துத்தான் போடப்பட்டது. உள்ளே தகடு கழன்று அடைக்காத வரை அது கழுத்தை நெரிப்பதில்லை.

டீசலில் சக்தியைத் தீர்மானிப்பது பம்ப் எவ்வளவு எண்ணெய் (டீசல்) விடுகிறது என்பதுதான். புகைக்குழாயை மட்டும் அகலப்படுத்தினால் அதே எண்ணெய், ஏறத்தாழ அதே சக்தி. பாய்வது போலத் தெரிவதில் பெரும்பங்கு காதுக்கு. அப்புறம் ஒருவர் வந்து பம்பைத் திருகி எண்ணெயைக் கூட்டச் சொல்வார். அதோடு கரும்புகை வரும், டர்போ சூடேறும்.

இன்னொன்று. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத பழைய டீசல் வண்டிகள் அடிவாரத்தில் சுத்தமாக ஓடி, மேலே வந்ததும் கருப்பாகக் கக்குவது இதனால்தான்: எண்ணெய் அதே அளவு, காற்று குறைவு. டர்போ இருந்தால் ஓரளவு ஈடுகட்டும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, டர்போவிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ அந்த ஈடும் போய்விடும். இழுவை குறைந்திருந்தால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.


மிளகுக்கொடி:

இழுவை, சத்தம் எல்லாம் பேசுகிறீர்கள். தம்பி ஏற்றுவது காப்பி என்பதை யாரும் கவனிக்கவில்லையே.

காய்ந்த பார்ச்மெண்ட் ஈரத்தையும் வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும். மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் காப்பியை அடுக்கக்கூடாது, டீசல் கேனோடு ஒரே அறையில் வைக்கக்கூடாது என்று நம் தோட்டங்களில் பெரியவர்கள் கண்டிப்பாக இருந்தது வீண் பழக்கம் இல்லை. தொட்டிக்கு அடியில் சைலன்சர் ஓட்டையாக இருந்தால், பலகை இடுக்கு வழியாகப் புகை நேராகச் சாக்குக்குள் ஏறும். வளைவுகளில் வண்டி மெதுவாகப் போகும் நேரத்தில் காற்று அடித்துக்கொண்டு போகவும் போகாது. தார்ப்பாய் வேறு மூடியிருக்கும். கோப்பையில் ருசி பார்ப்பவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். நான் கணக்கு எழுதிய ஒரு தோட்டத்தில், நன்றாகப் பதப்படுத்திய காப்பிக்குப் புகை வாடை என்று சொல்லி விலையைக் குறைத்தார்கள். களத்தில் பிழை தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது.

அதனால் தம்பி, எந்தக் குழாய் போட்டாலும் புகை வெளியேறும் வாய் தொட்டியின் பின்விளிம்பைத் தாண்டி இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியிலேயே முடியும் குட்டைக் குழாய் உங்கள் வேலைக்கு ஆகாது. தொங்கும் தார்ப்பாய் ஓரமும் அதன் பக்கத்தில் வரக்கூடாது, உருகிவிடும்.


நாகலூர்க் களம்:

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. போன பருவத்தில் ஒரு லாட்டுக்கு இப்படித்தான் சொன்னார்கள். சாக்கு பழையது என்று நினைத்திருந்தோம். மிக்க நன்றி.

பட்டறை ஐயா சொன்னபடி பார்த்தேன். நிறுத்தும்போது எஞ்சின் நன்றாகவே ஆடுகிறது. கரிக்கோடு பெல்லோசில் இருக்கிறது, டர்போ அடி ஃபிளாஞ்சிலும் இருக்கிறது. மேனிஃபோல்டு சுத்தமாகத் தெரிகிறது.

கீழே படுத்துப் பார்த்தபோது பெல்லோசுக்கும் சைலன்சருக்கும் நடுவில் உப்பிய டப்பா ஒன்று இருப்பதையும் கண்டேன். அது என்ன? பார்க்கப் போயிருந்த ஒரு கடையில், அதைக் கழற்றிக் கொடுத்தால் குழாய் வேலைக்குக் கூலியே வேண்டாம் என்றார்கள்.


கொண்டலாம்பட்டிப் பட்டறை:

கொடுத்துவிடாதீர்கள், ஐயா. அது புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம் பூசியிருக்கும். அந்த உலோகங்களுக்குத்தான் கூலியை விட்டுக்கொடுக்கிறார்கள். வெறும் டப்பாவை அதே இடத்தில் பற்றவைத்துக் கொடுத்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கன்வெர்ட்டரைக் கையில் எடுத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கலகல என்று சத்தம் வந்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. உடைந்த துண்டு பின்னால் போய்ச் சைலன்சரை அடைக்கும், அப்போது இழுவை உண்மையாகவே குறையும். சத்தம் இல்லை, வெளிச்சத்தில் பிடித்தால் துளைகள் வழியே ஒளி தெரிகிறது என்றால் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.


சங்ககிரி ரோடு:

சட்டப் பக்கத்தையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மஞ்சள் போர்டு வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் 182ஏ பிரிவின்படி அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சத்தம், புகை அளவுகளை மீறி ஓட்டினால் 190(2) பிரிவு. முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ, அதோடு லைசென்சும் மூன்று மாதம் முடங்கும். பழுதான சைலன்சரை அதே வகைச் சைலன்சரால் மாற்றுவது பழுதுபார்ப்பு. அதற்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கன்வெர்ட்டரை எடுத்து நேர்க்குழாய் போடுவது வேறு கணக்கு.

1989 ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் மூன்றைப் பட்டறையில் நிற்கும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். 120 ஆவது விதி சைலன்சர் கட்டாயம் என்கிறது. 113 ஆவது விதி, டீசல் வரும் குழாய்க்கு 35 மி.மீ. தூரத்துக்குள் புகைக்குழாய் வரக்கூடாது என்கிறது. 112 ஆவது விதி, புகை வண்டியின் பின்பக்கமோ வலப்பக்கமோ வெளியேற வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்திருக்கிறது. இடப்பக்கம் நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா.

புகைச் சோதனையில் பி.எஸ். 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் கருமையை அளக்கும் அலகு), சோதனைச் சீட்டில் வரும் கே மதிப்பில் 2.45. பி.எஸ். 4-க்கு 50 அலகு. உங்களுக்குப் பழைய வரம்புதான். வண்டி எட்டு ஆண்டு தாண்டியதால் எஃப்.சி. ஆண்டுதோறும் உண்டு. நேர்க்குழாய் போட்டவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதைக் கழற்றிப் பழையதை மாட்டிக் காட்டிவிட்டு மறுபடி மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தண்டச் செலவு எதற்கு?


மின்னாம்பள்ளி:

சட்டம் புரிகிறது, ஐயா. ஆனால் மலையில் யார் சத்தத்தை அளக்கப் போகிறார்கள்?


குப்பனூர் வழி:

தம்பி, அந்த மலையில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். விடியும் முன் காய்கறி லோடு இறங்கும் நேரத்தில், குழாய் திறந்த ஒரு வண்டி கடைசி வளைவில் ஏறத் தொடங்கினாலே கீழ் வளைவு வரை எதிரொலிக்கும். ஏற்காட்டில் விடுதிப் பள்ளிகள் பல உண்டு. பள்ளி, மருத்துவமனைகளைச் சுற்றி நூறு மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்று 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. சாலையோரம் காட்டெருமை நிற்கும் இடங்களும் எல்லோருக்கும் தெரியும். திடீர் இரைச்சலில் அது எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. பைக்கில் வருகிறவன் மேல் பாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எனக்கு வேறொரு சந்தேகம். சைலன்சரை மாற்றினால் இறக்கத்தில் எஞ்சின் பிரேக் குறைந்துவிடும் என்று டிரைவர்கள் சொல்கிறார்கள். இருபது வளைவையும் லோடோடு இறங்குகிறவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. உண்மையா?


ஐந்து ரோடு:

பெரிய லாரி, பஸ்களில் எக்சாஸ்ட் பிரேக் என்று தனியே ஒன்று உண்டு. புகைக்குழாயின் நடுவில் ஒரு மடிப்புத் தகடு. அதை மூடினால் எஞ்சின் தன் புகையையே தள்ள முடியாமல் திணறி வண்டியைப் பிடிக்கும். அந்த வண்டிகளில் தகட்டுக்கு முன்னால் ஒரு கசிவு இருந்தாலும் பிரேக் பலம் குறையும். டிரைவர்கள் சொல்வது அங்கிருந்து வந்த பேச்சாக இருக்கலாம். இவருடைய பிக்கப்பில் அந்தத் தகடு கிடையாது. இதில் எஞ்சின் பிடிப்பு வருவது உராய்விலிருந்தும் கியர் விகிதத்திலிருந்தும். சைலன்சர் மாற்றத்தால் இறக்கத்தில் வித்தியாசம் தெரியாது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராதீர்கள். பழைய பாடம்தான், அது மாறவில்லை.


உருக்காலை ஓய்வு:

சேலத்தில் இருந்துகொண்டு குழாய்க்கு எந்த இரும்பு என்று இன்னும் யாரும் கேட்காதது எனக்கு வியப்பு. இந்திய உருக்கு ஆணையத்தின் சேலம் உருக்காலை 1981 முதல் ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டும் ஊர் இது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புகைக்குழாய் பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கப்படுகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, ஆவியாக. குழாய் சூடாக இருக்கும்போது அது வெளியே போய்விடும். ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து பல்பர் வரை போய் நிறுத்தினால், சைலன்சர் சூடேறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். ஆவி உள்ளேயே தண்ணீராகி அடியில் தேங்கும். டீசலில் இருக்கும் கந்தகம் அதை அமிலமாக்கும். பி.எஸ். 3 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருக்கலாம், இன்றைய பி.எஸ். 6 டீசலில் 10 பங்குதான். ஆகவே பழைய வேகத்தில் இனி அரிக்காது, ஆனால் தண்ணீர் தண்ணீர்தான். உங்கள் சைலன்சர் அடித் தையலில் போனதற்கு இந்தக் குறுகிய ஓட்டங்களே காரணம். சேலம் வரை இறங்கி ஏறும் நாட்கள் அதற்கு நன்மையே செய்திருக்கும். புதிய சைலன்சரின் தாழ்ந்த முனையில் மிகச் சிறிய வடிதுளை இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை என்று நினைத்துச் சிலர் அதைப் பற்றவைத்து மூடிவிடுகிறார்கள்.

உலோகத்துக்கு வருகிறேன். சாதாரண இரும்புக் குழாய் மலிவு, எவரும் பற்றவைப்பார்கள், சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியம் பூசிய தகடு அதைவிட மேல். பல கம்பெனிச் சைலன்சர்கள் அதில்தான் வருகின்றன. 409 ரக ஸ்டெயின்லெஸ்ஸில் குரோமியம் சுமார் 11 சதவீதம், நிக்கல் ஏறத்தாழ இல்லை. மேலே மங்கலாகப் பழுப்பேறும், ஆனால் ஓட்டையாக வெகு காலம் பிடிக்கும். புகைக்குழாய்க்கென்றே உருவான ரகம் என்று சொல்லலாம். 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நம் வீட்டுப் பாத்திர ரகம். பளபளப்பாகவே இருக்கும், விலை கூடுதல்.

304-இல் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. சூட்டில் அது அதிகமாக நீளும். மூன்று மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் சாதாரண இரும்பு சுமார் 11 மி.மீ. நீளும், 409-உம் ஏறத்தாழ அவ்வளவே. 304 சுமார் 15 மி.மீ. நீளும். ஹேங்கர்களை இறுக்கமாக வைத்து 304 குழாய் போட்டால் அது நீள இடமில்லாமல் வளையும், பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும். பழி உலோகத்தின் மேல் விழும். ரப்பர் ஹேங்கர் தாராளமாக ஆட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை வளைத்துப் போட்டுக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகிவிடும். பற்றவைக்கும்போது எழும் வெள்ளைப் புகை வெல்டருக்குக் குளிர்காய்ச்சல் கொண்டுவரும். அந்தத் தொழிலாளிக்காகவாவது வேண்டாம் என்று சொல்லுங்கள்.


நாகலூர்க் களம்:

ஐயா, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்படியானால் என் யோசனை இது: சைலன்சர் கம்பெனி வகையே வாங்குவது, கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்வது, நடுக்குழாயும் பின்குழாயும் 409-இல் பட்டறையில் செய்வது, பெல்லோஸ், எஞ்சின் மவுண்ட், எல்லா ஹேங்கர் ரப்பரும் புதிது. இதில் குறை உண்டா?

கழற்றும்போது கவனிக்க வேண்டியதையும் பட்டறை ஐயா சொன்னால் நல்லது. எங்கள் பக்கம் தட்டையான இடமே கிடையாது.


கொண்டலாம்பட்டிப் பட்டறை:

நல்ல முடிவு. குழாய் அளவை இப்போது இருப்பதுபோலவே வையுங்கள். வளைவுகளைப் பற்றி மட்டும் பட்டறையில் கேளுங்கள். சாதாரண பிரஸ்ஸில் வளைத்தால் வளைவின் உட்பக்கம் நசுங்கி வாய் குறுகும்; உள்ளே தாங்கு கொடுத்து வளைக்கும் இயந்திரத்தில் வளைத்தால் வட்டம் வட்டமாகவே இருக்கும். பின் அச்சுக்கு மேலே ஏறி இறங்கும் வளைவில் இந்த வித்தியாசம் பெரியது. அந்த வளைவுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியைக் காலி வண்டியில் அளந்து ஏமாறாதீர்கள். லோடு ஏறி ஸ்பிரிங் பட்டை அமுங்கும்போது அச்சு மேலே வரும். குழாய் அதில் இடிக்கக்கூடாது.

கழற்றும் வேலையைச் சரிவில் செய்ய வேண்டாம். தோட்டத்தில் களம் ஒன்றுதான் தட்டை என்றால் களத்திலேயே நிறுத்துங்கள். சக்கரத்துக்கு இரு பக்கமும் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் போகக்கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். இதில் ஐந்து நிமிட வேலைதானே என்று யாருக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள்.

டர்போ அடி ஃபிளாஞ்சில் இருக்கும் ஸ்டட்கள்தான் (நட்டு ஏறும் தலையில்லாத திருகுகள்) இந்த வேலையின் கஷ்டமான இடம். முந்தைய நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். மறுநாள் நட்டைச் சிறிது இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு தளர்த்துங்கள். சிக்கினால் மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் நட்டைச் சூடாக்க வேண்டும். நீண்ட குழாயை ஸ்பேனரில் மாட்டிப் பலத்தோடு திருப்பினால் ஸ்டட் ஒடியும். ஒடிந்த ஸ்டட்டைத் துளைபோட்டு எடுப்பது லேத் பட்டறை வேலை. ஒரு நாள் போய்விடும். திரும்ப மாட்டும்போது புது ஸ்டட், பித்தளை நட்டு, புது கேஸ்கெட். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது ஈரமாக்கிச் சுரண்டுங்கள், ஊதாதீர்கள்; பழையவற்றில் கல்நார் இருந்திருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

வண்டியில் வைத்துப் பற்றவைப்பதாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் டயோடு போகும். எர்த் கிளாம்ப்பைப் பற்றவைக்கும் குழாயிலேயே மாட்ட வேண்டும், சேசிஸ் சட்டத்தின் எங்கோ ஒரு மூலையில் மாட்டக்கூடாது. டீசல் டேங்க் பக்கம் ஈரச்சாக்கு மறைப்பு வேண்டும். 409 குழாயைக் கம்பெனி ஃபிளாஞ்சோடு சேர்க்கும் இடத்தில் எந்தக் கம்பி பயன்படுத்துகிறார் என்று கேளுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸையும் சாதாரண இரும்பையும் இணைக்க 309எல் கம்பி சரியாக வரும். சாதாரண வெல்டிங் ராடால் சேர்த்தால் முதலில் துருப்பிடிப்பது அந்தத் தையல்தான்.

குழாயின் எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாக மாட்டுங்கள். முன்னாலிருந்து பின்னால் வரை குழாய் தன் எடையில் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்து, அதன் பிறகு டர்போ பக்கத்திலிருந்து இறுக்கிக்கொண்டே வாருங்கள். பெல்லோஸ் முறுக்கிக்கொண்டோ இழுபட்டோ நிற்கக்கூடாது.


நாகலூர்க் களம்:

வேலை முடிந்தது. இந்த இழையைப் பின்னால் தேடி வருகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

கன்வெர்ட்டர் நன்றாக இருந்தது, வைத்துக்கொண்டோம். எஞ்சின் மவுண்ட் இரண்டும் ரப்பர் பிளந்திருந்தன. பழைய சைலன்சரைப் பட்டறையில் அறுத்துக் காட்டச் சொன்னேன். உள்ளே ஒரு தடுப்புத் தகடு முழுதும் கழன்று சாய்ந்து கிடந்தது. ஆகவே ஐந்து ரோடு ஐயா சொன்ன விதிவிலக்கு என் வண்டியில் ஓரளவு இருந்திருக்கிறது. ஏர் ஃபில்டரும் மோசமாக இருந்தது, மாற்றினேன். இப்போது லோடோடு ஏறும்போது இழுவை தெளிவாகக் கூடியிருக்கிறது. எவ்வளவு எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பின்குழாய் தொட்டி விளிம்பைத் தாண்டி வலப்பக்கம் பார்த்து முடிகிறது. கேபினில் வாடை இல்லை. கண்ணாடியை மூடிக்கொண்டு பனியில் ஏறினேன். மனைவியோடு சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு வர முடிந்தது. புகைச் சோதனை வரம்புக்கு வெகு கீழே வந்தது. எஃப்.சி.யும் முடிந்துவிட்டது.

மிளகுக்கொடி அக்கா, தொட்டிப் பலகை இடுக்குகளையும் தகடு வைத்து அடைத்துவிட்டேன். சைலன்சருக்கு நேர் மேலே இருக்கும் பலகைக்கு அடியில், சிறிது இடைவெளி விட்டு ஒரு சூடு தடுக்கும் தகடும் இருக்கிறது.


மிளகுக்கொடி:

நல்லது, தம்பி. பழைய சாக்குகளையும் கழித்துவிடுங்கள். அவற்றில் ஏறிய வாடை வெயிலில் போட்டாலும் முழுதாகப் போகாது. இந்தப் பருவக் காப்பியைப் புதுச் சாக்கிலேயே இறக்குங்கள்.


மின்னாம்பள்ளி:

அண்ணா, வாழ்த்துகள். நண்பருடைய வண்டியிலும் பழைய சைலன்சரைத் திரும்பப் போடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன் எதிரழுத்தம் எவ்வளவு என்று இரண்டு விதத்திலும் அளந்து பார்க்க ஆசை. பட்டறை ஐயா, கேஜை எங்கே மாட்ட வேண்டும்?


கொண்டலாம்பட்டிப் பட்டறை:

அளந்து பார்க்க நினைத்ததே நல்ல வேலை, தம்பி. டர்போவுக்குப் பின்னால், கன்வெர்ட்டருக்கு முன்னால், குழாய் நேராக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வளைவில் வேண்டாம், அளவு பொய் சொல்லும். அங்கே சிறிய துளை போட்டு அதன் மேல் ஒரு நட்டைப் பற்றவைத்துவிடுங்கள். நட்டிலிருந்து ஒரு மீட்டராவது செம்புக் குழாய் விட்டு, அதன் பிறகுதான் ரப்பர் குழாயும் கேஜும். இல்லாவிட்டால் சூட்டில் இரண்டும் கெடும். குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் வாங்குங்கள், டயர் கேஜ் இதற்கு உதவாது. நிற்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்து அளப்பதில் பயனில்லை. அடிவாரத்திலிருந்து ஒரே லோடோடு, ஒரே கியரில், ஒரே ஏற்றத்தில் இரண்டு முறையும் அளக்க வேண்டும். கேஜைப் பார்ப்பவர் பக்கத்து இருக்கையில் இருக்கட்டும், ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். அளந்து முடித்ததும் நட்டில் ஒரு போல்ட்டை முறுக்கி மூடிவிடலாம்.

நாகலூர் ஐயாவுக்கும் ஒன்று. சூடேறி ஆறியதில் கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கியிருக்கும். எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது டர்போ அடி நட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்கிவிடுங்கள்.